நலோங்கோவின் மைலோக் காணி

“ஆபிரிக்காக்காரனுக்கு ஏது ஐசே உறுதி?” என்று அந்தோனிப்பிள்ளை அண்ணை கேட்டதால்தான் இதை எழுத வேண்டி வந்தது.

கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் புதன்கிழமை தோறும் முதியோர் நாங்கள் கூடுவோம். தேநீர், வடை, முந்நூற்றிநாலு சீட்டாட்டம், பிறகு ஊர்க் காணிக் கதை. காணிக் கதை இல்லாமல் எங்கள் ஆட்களுக்கு வடை இறங்காது. அன்று யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இராணுவம் விட்ட காணி, விடாத காணி என்று பேச்சு சூடேறியிருந்தது. மன்னாரில் தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்ற அந்தோனிப்பிள்ளை அண்ணை கையில் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு தீர்ப்பு வழங்கினார்.

“எங்களிட்டை காணி உறுதிப் பத்திரம் கிடக்கு, ஒல்லாந்தன் காலத்துத் தோம்புப் பதிவு கிடக்கு. கேக்கிறதுக்கு ஒரு ஞாயம் கிடக்கு. ஆபிரிக்காக்காரனுக்கு ஏது ஐசே உறுதி? வெள்ளைக்காரன் வந்து கொடியை நட்டான், காணி அவன்ர. கதை முடிஞ்சுது.”

எனக்கு அந்த ஆட்டத்தில் நல்ல கை வந்திருந்தது. அதையும் பாராமல் சீட்டைக் கவிழ்த்து அடித்தேன்.

“அண்ணை, தெரியாட்டில் கதையாதேங்கோ!”

“நீர் என்ன, கண்டனீரோ?”

“கண்டது மட்டுமில்லை, அளந்தனான்!”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. எங்களைப் பார்த்துக்கொள்ளும் சங்கீதா, இங்கே பிறந்த பிள்ளை, தேநீர்க் கோப்பையோடு ஓடி வந்தாள். “அங்கிள், ஆர் யூ ஓகே? பிரஷர் ஏறப்போகுது, இருங்கோ.” இருந்தேன். இருந்து முழுக் கதையையும் சொன்னேன். முடிவில் அவள், “வெயிட், அங்கிள், இதை எங்கட முதியோர் மலருக்கு எழுதித் தாங்கோ, சீரியஸ்லி,” என்றாள். அந்தோனிப்பிள்ளை அண்ணை மட்டும், “எழுதட்டும், எழுதட்டும், புளுகு எவ்வளவு எண்டு பாப்பம்,” என்றார். சரி, பார்க்கட்டும்.

நான் காணி அளக்கிறவன். எங்கள் ஊரில் சேவயர் என்பார்கள். படித்த காலத்தை நீட்ட மாட்டேன். தியத்தலாவை அளவைப் பள்ளியில் குளிருக்குள் அளவுச் சங்கிலி இழுத்தேன், வெயிலுக்குள் வந்து வடக்கில் வேலை பார்த்தேன். வடக்கில் சேவயரின் வேலை என்பது பாதி அளவை, பாதி பஞ்சாயத்து. யாழ்ப்பாணத்தான் வேலி அடைக்கும்போது கதியால் கம்பை அரை அடி தள்ளி நடுவான். பக்கத்து வீட்டான் அடுத்த முறை ஒரு அடி திருப்பித் தள்ளுவான். இருவரும் கோயிலில் பக்கத்தில் பக்கத்தில் நின்று கும்பிடுவார்கள். நேராக இல்லாத வேலியைக் கண்டால் அங்கே ஒருவன் களவெடுத்திருக்கிறான் என்பது என் எலும்பில் ஊறிய பாடம். இந்தப் பாடம் என்னை எங்கே கொண்டுபோய் விழுத்தியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

போர் முற்றியதும் என் வீடும் கிணறும் இராணுவத்தின் முட்கம்பிக்குப் பின்னால் போயின. எனக்கு உகண்டாவில் ஒப்பந்த வேலை கிடைத்தது. தலைநகர் கம்பாலாவில் ஒரு தனியார் அளவைக் கந்தோர். அங்கே எனக்கு மேலதிகாரி மிஸ்டர் முக்காசா. அவர் பேசியது இங்கிலீசு. ஊர்ச் சனம் பேசியது லுகண்டா மொழி, அதை அவர்தான் எனக்கு மாற்றிச் சொல்வார். ஆனால் என் நினைவில் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழிலேயே கதைக்கிறார்கள். அப்படியே எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

முக்காசாவைப் போல ஒரு சேவயரை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. வெள்ளைச் சேட்டு, கழுத்தில் ரை, கையில் குடை. சேற்றுச் சப்பாத்தைப் பையில் வைத்துக்கொண்டு, பளபளக்கும் கறுப்புச் சப்பாத்தோடு காணிக்குள் இறங்குவார். காணிச் சொந்தக்காரரோடு நலம் விசாரித்து முடியும்வரை சப்பாத்து மாற்ற மாட்டார். சப்பாத்து மாற்றாமல் எங்களைக் கருவிப் பெட்டியைத் திறக்கவும் விடமாட்டார். அந்த ஊர் நலம் விசாரிப்பு இருக்கிறதே! இரவு எப்படி விடிந்தது, பிள்ளைகள் எப்படி, மாடு எப்படி, கோப்பி எப்படி, மழை எப்படி. வறுத்த கோப்பிக்காயைச் சின்னக் கூடையில் நீட்டுவார்கள், வாயில் போட்டு மெல்ல வேண்டும். நான் மணிக்கூட்டைப் பார்ப்பேன். அவர் என்னைப் பார்ப்பார். நான் மணிக்கூட்டைச் சேட்டுக் கைக்குள் இழுத்து விடுவேன்.

பிறகு வேலை தொடங்கும். பழைய எல்லைக்கல் ஒன்று கண்டால் எனக்குச் சந்தோசம், உடனே அதன் மேல் கருவியை நிறுத்தப் பார்ப்பேன். அவர் தடுப்பார். “கல்லு பொய் சொல்லாது, மிஸ்டர் சிவா. ஆனா கல்லு நடக்கும்.” கல்லின் ஒரு பக்கத்தை மண்வெட்டியால் மெல்லச் சீவி, மண்ணின் நிறத்தைப் பார்ப்பார். கிண்டிய மண்ணும் கிண்டாத மண்ணும் எத்தனை வருடமானாலும் ஒன்றாகாது. அதன் பிறகு மற்றக் கற்களிலிருந்து இழுத்துப் பார்ப்பார். எல்லாம் ஒத்து வந்தால்தான் அது கல். பக்கத்துக் காணிக்காரர் எல்லாரும் வந்து நிற்க வேண்டும், ஒவ்வொருவராகக் குனிந்து கல்லின் தலையில் கை வைத்து, “இது எனக்கும் கல்” என்று சொல்ல வேண்டும். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அது முக்காசாவின் சட்டம்.

அந்தச் சட்டத்தை நான் கனடாவிலும் விடவில்லை. இங்கே வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு அளவைக் கம்பனி ஒன்றில் அளவுத்தடி பிடிக்கும் வேலையில்தான் தொடங்கினேன். வருடங்கள் போய் நானே குழுவை நடத்தும் காலம் வந்தது. அஜக்ஸில் புது வீட்டுத் திட்டம் ஒன்றில் எங்கள் தமிழ்த் தம்பி ஒருவருக்கும் பக்கத்து வீட்டுக் கயானாக்காரருக்கும் வேலிச் சண்டை. “அண்ணை, தமிழன் எண்டு பாத்து ஒரு அடி என்ர பக்கம் போட்டு விடுங்கோ,” என்று தம்பி காதுக்குள் சொன்னார். நான் இரண்டு பேரையும் உறைந்த மண்ணுக்குள் குனிய வைத்து, எல்லை காட்டும் இரும்புக் கம்பியைத் தோண்டி எடுக்கச் செய்து, இருவரையும் கை வைக்க வைத்தேன். தம்பி சொல்லிக் கொண்டிருந்த ஒரு அடி கயானாக்காரருடையது என்று வந்தது. தம்பி என்னோடு கொஞ்சக் காலம் கதைக்கவில்லை, ஆனால் கயானாக்காரரோடு சேர்ந்து இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார். அது போதும் எனக்கு.

இனி அந்தோனிப்பிள்ளை அண்ணையின் உறுதிக் கேள்விக்கு வருகிறேன்.

ஆயிரத்துத் தொளாயிரமாம் ஆண்டில் பிரித்தானியரும், இன்றைய உகண்டாவுக்குள் இருக்கும் புகண்டா இராச்சியத்துப் பெரியவர்களும் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். அரசன் அப்போது சின்னக் குழந்தை. காடு, தரிசு, சதுப்பு எல்லாம் பிரித்தானிய முடிக்கு. மிச்சத்தில் அரசனுக்கு, அரச குடும்பத்துக்கு, பிரதானிகளுக்கு, அவர்களுக்குக் கீழே ஆயிரம் பேர் வரையான சிறு தலைவர்களுக்கும் தனியாட்களுக்கும் சதுர மைல் கணக்கில் காணி. விற்கலாம், வாங்கலாம், பிள்ளைகளுக்கு எழுதலாம். முழுத் தனிச் சொத்து! மைல் என்ற சொல்தான் அங்கே மைலோ ஆனது. இன்றைக்கும் அந்தக் காணிக்கு மைலோ என்றுதான் பெயர். அக்கம்பக்கத்துக் குடியேற்ற நாடுகளில் நல்ல மண்ணையெல்லாம் வெள்ளைக்காரர் தமக்கு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், இங்கே கறுப்பு மனிதர்களின் கையில் உறுதி இருந்தது!

இதைச் சொன்னபோது அண்ணை விடவில்லை. “அப்ப வெள்ளைக்காரன் குடுத்தவன்தானே? நல்லவன்தானே?”

“அண்ணை, ஒருத்தன் உங்கட வீட்டுக்குள்ள வந்து, பாதியை எடுத்துப்போட்டு, உங்கட அறையைக் காட்டி, உதை நீர் வைச்சிரும் எண்டு சொன்னா அவனுக்கு நல்லவன் எண்டோ பேர்?”

அதுதான் நடந்தது. அதிலும் ஒரு கொடுமை. பரம்பரையாகப் பயிரிட்டு வந்த சனம் ஒரு கையெழுத்தில் குத்தகை கட்டும் குடிவாரக்காரர் ஆனார்கள். குலப் பெரியவர்கள் காத்து வந்த முன்னோர் புதைகுழிகள் பல இடங்களில் யாரோ ஒரு பிரதானியின் சதுர மைலுக்குள் போயின. வேடிக்கை என்னவென்றால், முதலில் கொடுத்தது காணி அல்ல, கணக்கு. உனக்கு இத்தனை மைல், இடத்தை நீயே பார்த்துத் தெரிவு செய், சேவயர் பிறகு வருவான் என்றார்கள். சேவயர்கள் வந்து முழுவதையும் அளந்து முடிக்க முப்பது வருடத்துக்கு மேல் சென்றது. நம்முடைய கந்தோர்கள் மட்டும்தான் சுணக்கம் என்று நினைக்காதீர்கள்.

ஒருநாள் எங்கள் கந்தோருக்கு ஓர் அம்மா வந்தார். தோளில் கூராக உயர்ந்து கணுக்கால் வரை நீண்ட பூப்போட்ட உடுப்பு. உள்ளே வந்ததும் முக்காசா எழுந்து நின்றார். “நலோங்கோ, வாங்கோ, இருங்கோ.” நலோங்கோ என்றால் இரட்டைப் பிள்ளை பெற்ற தாய். அந்த ஊரில் இரட்டைப் பிள்ளை பெற்றவளுக்கு அதற்குப் பிறகு வேறு பெயர் தேவையில்லை, அது ஒரு பட்டம். நானும் எழுந்தேன்.

அவருக்கு ஏரிப்பக்கம் மைலோக் காணி இருந்தது. பாட்டனுக்கு அந்த ஒப்பந்தக் காலத்தில் கிடைத்தது. பாட்டனிடமிருந்து தகப்பனுக்கு, தகப்பன் மரணசாசனம் எழுதி மகளுக்கு. மகளுக்கு! பெண்பிள்ளைக்குச் சீதனமாகக் காணி எழுதுவதைக் கண்டு வளர்ந்த எனக்கு அந்த இடத்திலேயே அவர் எங்கள் ஊர்க்காரர் ஆகிவிட்டார். குன்றின் மேலே வீடு, நடுவில் வாழையும் கோப்பியும், அடியில் சதுப்பு. சதுப்பு அரசாங்கத்துடையது. காணியும் சதுப்பும் சந்திக்கும் அந்த அடியில்தான் அவருடைய தகப்பனும் பாட்டனும் பாட்டனின் தகப்பனும் அடக்கம்.

அறுபதுகளில் பெருமழை பெய்து விக்ரோறியா ஏரி பொங்கி ஏறியது. சதுப்பும் அதோடு ஏறியது. கோரைப்புல் வந்து புதைகுழிகளை மூடிவிட்டது. “அப்புவைத் தண்ணி கொண்டு போயிட்டுது,” என்றார் நலோங்கோ. அன்று தொடக்கம் புல்லின் ஓரத்தில் நின்று, தண்ணீரைப் பார்த்துத் தகப்பனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வருவாராம். கலியாணமோ, பேரப்பிள்ளையோ, வீட்டில் எது நடந்தாலும் அங்கே போய்ச் சொல்லிவிட்டு வருவாராம்.

பிறகு ரோசாப்பூ வளர்த்துக் கப்பலேற்றும் கம்பனி ஒன்று அரசாங்கத்திடம் அந்தச் சதுப்பைக் குத்தகைக்கு எடுத்தது. வாய்க்கால் வெட்டியது. தண்ணீர் வடிந்தது, கோரை கருகியது. முப்பது வருடத்துக்குப் பிறகு நிலம் தலை காட்டியது. ஊரில் எல்லாரும் கம்பனியைத் திட்டிக்கொண்டிருக்க, நலோங்கோ மட்டும் வாழைக்காய் அவித்துப் பெரிய பொதியாகக் கட்டி வாய்க்கால் வெட்டினவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். “என்ர அப்புவைத் திருப்பித் தந்தவங்கள் எல்லோ!”

அடுத்த கிழமை கம்பனியின் சேவயர் வந்து சிவப்புத் துணி கட்டிய முளைகளை அறைந்தார். புதைகுழி இருந்த துண்டு முழுவதும் முளைக்கு அந்தப் பக்கம். அது சதுப்பு, அரசாங்கத்துடையது, இப்போது கம்பனியுடையது. அங்கே தண்ணீர் இறைக்கும் வீடு கட்டப் போகிறார்கள், உழவு இயந்திரம் வரப்போகிறது.

“எனக்குப் பூக்காரனோட கோவமில்லை,” என்றார் நலோங்கோ. “ஆனா என்ர தேப்பனுக்கு மேல மெசின் ஏற விடமாட்டன். நானும் செத்தா அதுக்குள்ளதான் போகவேணும். புருசன் வீட்டு ஆக்களோட நான் கிடக்கேலாது, நான் வேற குலம்.” அந்த ஊரில் பெண் எந்த வீட்டில் வாழ்ந்தாலும் தகப்பனின் குலத்தாரோடுதான் அடக்கம். அந்தத் துண்டு போனால் செத்த பிறகு அவருக்குப் போக இடமில்லை. எங்களுக்குப் புதைகுழி கிடையாது, சுடலைதான். ஆனாலும் சொந்த மண்ணை முளைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிற வயிற்றெரிச்சல் எனக்கு நன்றாக விளங்கியது.

பழைய அளவைப் படத்தை எடுத்துவந்து மேசையில் விரித்தோம். ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை, கம்பனிச் சேவயரிடமும் அதே படத்தின் பிரதிதான் இருந்தது. சதுப்போரமாக எல்லை நேராக வருகிறது. ஓர் இடத்தில் மட்டும் முழங்கையை மடித்ததுபோல் சதுப்புக்குள் புடைத்து, திரும்ப நேராகிறது. அந்தப் புடைப்பில் மூன்று கல் போட்டிருந்தது. கம்பனிச் சேவயர் சொன்னது இதுதான்: நேர்க்கோட்டின் இரண்டு அந்தத்திலும் கல் இருக்கிறது, கண்டுவிட்டேன். நடுவில் மூன்றையும் தேடினேன், இல்லை. சதுப்பு விளிம்பு அப்படி மடியாது. அந்தக் காலத்துச் சேவயர் தவறாகக் கீறியிருக்கிறான். ஆகவே நேராக இழுத்தேன்.

முக்காசா என்னைக் கேட்டார். “நீர் என்ன நினைக்கிறீர்?”

யாழ்ப்பாணத்து எலும்பு முந்திக்கொண்டது. “சேர், சொல்லக் கூடாது, ஆனா பாட்டன் கதியாலைத் தள்ளிப் போட்டார் போல கிடக்கு. அளக்க வந்தவனுக்குக் கோழி அடிச்சுக் குடுத்து முடியின்ரை சதுப்பிலை ஒரு துண்டை உள்ள எடுத்திருக்கிறார்.”

முக்காசா சிரித்த சிரிப்பில் அடுத்த அறைக்காரர் எட்டிப் பார்த்தார். “மிஸ்டர் சிவா, காணி களவெடுக்கிறவன் மேட்டை எடுப்பானோ, சேத்தை எடுப்பானோ?”

நான் படத்தை என் பக்கம் திருப்பி அந்தப் புடைப்பைத் திரும்பவும் பார்த்தேன்.

“சரி, இன்னொண்டு சொல்லும். ஒரு கல்லு நடுறதெண்டா என்ன வேலை? கல்லைச் சுமக்க வேணும், கிடங்கு வெட்ட வேணும், கருவியை நிப்பாட்டிக் கோணம் எடுக்க வேணும், ராவிலை இருந்து கணக்குப் பாக்க வேணும். நேரா இழுத்தா ஒண்டும் வேண்டாம். அந்தக் காலத்துச் சேவயர் வெய்யிலுக்கை, நுளம்புக்கை, காய்ச்சலோட திரிஞ்சவன். உம்மை மாதிரி, என்னை மாதிரிச் சோம்பேறிதான். இந்தச் சின்னத் துண்டுச் சேத்துக்கு மூண்டு கல்லு கூட நட்டிருக்கிறான். ஏன்?”

அவரே சொன்னார். “ஆரோ ஒருத்தன் அதிலை நிண்டு நட வைச்சிருக்கிறான். தன்ர தேப்பன்ர குழியைக் காப்பாத்தத்தான் நலோங்கோவின்ர பாட்டன் மைலோ எடுத்தவன். மற்றப் பிரதானிமார் நல்ல மேடு மேடாப் பாத்து எடுக்க, இவர் சதுப்போரத்திலை எடுத்திருக்கிறார். அப்பிடி எடுத்த ஆள் குழியை வெளியிலை விட்டுக் கோடு போட விடுவாரோ?”

இத்தனை வருடம் கோடுகளைப் பார்த்த நான், கோட்டின் பக்கத்தில் ஒரு மனிதன் நின்று, “இதைச் சுத்திப் போ” என்று சொல்லியிருப்பான் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. உடனே புறப்படுவோம் என்றேன். முக்காசா, நாளைக்கு, முதலில் எல்லாருக்கும் அறிவிக்க வேண்டும் என்றார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

மறுநாள் ஊரே கூடிவிட்டது. ஊர்த் தலைவர், பக்கத்துக் காணிக்காரர், நலோங்கோவின் காணியில் குடியிருக்கும் குடிவாரக்காரர்கள், கம்பனி முகாமையாளர், கம்பனிச் சேவயர். முக்காசா கறுப்புச் சப்பாத்தோடு ஒவ்வொருவராக நலம் விசாரித்தார். கம்பனிச் சேவயரிடமும் அதே பணிவோடு பிள்ளைகளை, தாய் தகப்பனை எல்லாம் விசாரித்தார். அவரும் நல்ல மனிசன்தான், சங்கடப்பட்டுக்கொண்டு நின்றார். நான் பொறுமை இழந்து கோப்பிக்காயை மென்று விழுங்கியே விட்டேன். கடைசியில் சேற்றுச் சப்பாத்து வெளியே வந்தது.

நேர்க்கோட்டின் இரண்டு முனைக் கற்களையும் முக்காசா சீவிப் பார்த்தார். நடக்காத கற்கள். நான் கருவியை நிறுத்தி, படத்தில் இருந்த கோணத்தைத் திருப்பி, உருக்கு நாடாவை இழுத்து, முழங்கையின் நடுக்கல் இருக்க வேண்டிய இடத்தில் முளை அறைந்தேன். காய்ந்து வெடித்த கறுப்புச் சேறு. நீளமான இரும்புத் தடியை விட்டுக் குத்தினோம். ஒன்றும் தட்டுப்படவில்லை. சுற்றிச் சுற்றிக் குத்தினோம். ஒன்றும் இல்லை. கம்பனிச் சேவயர், “நானும் இவ்வளவும் செய்தனான், சேர்,” என்றார்.

ஒரு குடிவாரக்காரர் கொஞ்சம் மேலே, காணிப் பக்கமாகத் தடியைக் குத்தினார். டக் என்று கேட்டது. கல்! எல்லாரும் ஓடினோம். பக்கத்தில் குத்தினார், இன்னொரு கல். அடுத்ததிலும் கல். நான் மண்வெட்டியைத் தூக்கிவிட்டேன்.

“வைச்சிடு கீழ!”

நலோங்கோதான். அந்த வயதில் அப்படி ஒரு குரல் எங்கிருந்து வந்ததோ. வந்து தடி நிற்கும் இடத்தில் முழங்காலில் இருந்து, சேற்றின் மேல் உள்ளங்கையை வைத்தார். “இது எல்லைக்கல்லில்லை. இது அப்புவைச் சுத்தி நாங்கள் வைச்ச கல்லு. நானும் ஒண்டு தூக்கினனான்.” அவ்வளவுதான் சொன்னார். தொப்பி போட்டிருந்த ஆண்கள் எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். கம்பனி முகாமையாளரும் கழற்றினார்.

புதைகுழிகள் கிடைத்துவிட்டன. ஆனால் அது போதாது. எப்போது, யாருடைய நிலத்தில் புதைத்தீர்கள் என்று நீதிமன்றத்தில் வருடக்கணக்காகக் கேட்பார்கள். அதற்குள் தண்ணீர் வீடு எழுந்துவிடும். எல்லைக்கல் வேண்டும். முக்காசா நான் அறைந்த முளைக்குத் திரும்பி வந்தார். “மிஸ்டர் சிவா, உம்மட கணக்குச் சரியோ?”

“சரி, சேர்.”

“சத்தியமா?”

“சத்தியமா, சேர்.”

“அப்ப கல்லு இதிலைதான் கிடக்கு. பக்கத்திலை தேடாதேங்கோ. கீழ போங்கோ. முப்பது வரியம் தண்ணிக்குள்ள நிண்ட கல்லு தாழாமல் என்ன செய்யும்? அதுக்கு மேல இவ்வளவு சேறும் படிஞ்சு கிடக்கு.”

வெட்டினோம்! முழங்கால் வரை, தொடை வரை. தண்ணீர் ஊறி வந்தது. வாளியால் அள்ளினோம். பிளாஸ்ரிக் கலனை வெட்டி அள்ளினோம். குடிவாரக்காரர்கள் முறை வைத்து இறங்கினார்கள், அந்தத் துண்டு போனால் நாளைக்கு அவர்களுடைய துண்டுக்கும் ஆபத்து என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு கட்டத்தில் பார்த்தால் கம்பனிச் சேவயர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு குழிக்குள் நிற்கிறார்! முகாமையாளர் ஏதோ சொன்னார். “கல்லு இருந்தா நானும் பாக்கவேணும்,” என்று இவர் நிமிராமலே பதில் சொன்னார். எங்கள் தொழிலில் பிறந்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் கையில்தான் அது பட்டது. தடி ஒரு சத்தம் போட்டது. அவர் தடியைப் போட்டுவிட்டு, தோள் வரை கையை விட்டுத் தடவினார். முகம் மாறியது. “சதுரம்,” என்றார். பிறகு, “தலையிலை கொத்தியிருக்கு,” என்றார். நானும் குதித்தேன். சேட்டு, மணிக்கூடு எல்லாத்தோடும் குதித்தேன்! கைக்குக் கீழே வழுவழுப்பான தலை, அதன் நடுவில் உளியால் கொத்திய தடம், நிமிர்ந்து நின்ற நிலையில் கல். என்னுடைய முளைக்கு நேர் கீழே. இத்தனை வருடத் தொழிலில் அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடான சந்தோசம் எனக்கு வேறு இல்லை. நானும் கம்பனிச் சேவயரும் சேற்றுக்குள் கட்டிப் பிடித்துக்கொண்டோம். மேலே பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பிய குலவை குன்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

ஒன்று கிடைத்தால் மற்றவை கணக்குத்தானே. மற்ற இரண்டையும் அதே ஆழத்தில் எடுத்தோம். மூன்று கல்லும் புதைகுழிகளைச் சுற்றி வளைத்துக்கொண்டு நின்றன. முக்காசாவின் சட்டப்படி ஒவ்வொருவராக இறங்கிக் கை வைத்தார்கள். கம்பனி முகாமையாளர் தயங்கினார். அவருடைய சேவயர் அவரைப் பார்த்து, “சேர், நான் கையெழுத்து வைக்கிறது இந்தக் கோட்டுக்குத்தான்,” என்றார். முகாமையாளர் குனிந்து கை வைத்தார். சிவப்புத் துணி முளைகளைக் கம்பனிச் சேவயரே பிடுங்கி எடுத்தார்.

இத்தனைக்கும் நலோங்கோ ஆரவாரத்தில் சேரவில்லை. கல்வரிசைக்குப் பக்கத்தில் போய் நின்று, இத்தனை வருடமும் தண்ணீருக்குச் சொன்ன பெயர்களை இப்போது மண்ணுக்குச் சொன்னார். பிறகு திரும்பி, தகப்பனின் கல்லுக்கும் முழங்கையின் நடுக்கல்லுக்கும் இடையில் இருந்த வெறும் நிலத்தைக் காலால் தட்டிப் பார்த்தார்.

“ஐயா, உந்த நாடாவை இஞ்ச கொண்டாரும்,” என்று முக்காசாவைக் கூப்பிட்டார்.

முக்காசா போனார். நலோங்கோ அந்தப் பூப்போட்ட உடுப்போடு, ஈரச் சேற்றில், தகப்பனுக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்துவிட்டார்! ஊரே வாய் பிளந்தது. “அளவுங்கோ. நாளைக்கு ஆரும் இடம் போதாதெண்டு சொல்லக்கூடாது.”

எந்த அளவையும் உத்தேசமாக எழுதாத முக்காசா ரையைச் சரி செய்துகொண்டு, முழங்காலில் இருந்து, நாடாவின் ஒரு அந்தத்தை என் கையில் தந்தார். நான் தலைமாட்டில் பிடித்தேன். அவர் கால்மாடு வரை இழுத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, அளவை உரத்து வாசித்தார். சுற்றி நின்ற சனம் சிரிக்கத் தொடங்கியது. எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

“கொஞ்சம் கூட்டிப் போடுங்கோ,” என்றார் நலோங்கோ, படுத்தபடியே. “நான் காலை நீட்டிப் படுக்கிற ஆள்.”